கைவைத்து ஆற்றும் சிகிச்சை: கீமோவில் இருக்கும் அம்மாவுக்குச் செய்யலாமா?

தறியிழை | செவ்வாய், இரவு 11:08

அம்மாவுக்கு மார்பகப் புற்று. அறுவை சிகிச்சை முடிந்தது. கீமோ மூன்றாவது சுற்று போன வாரம் ஏறியது. குமட்டலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஓரளவு கேட்கிறது. தூக்கம்தான் அடியோடு போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு" என்கிறார்.

அம்மாவின் தோழி ஒருவர் ரெய்கி கற்றவர். கை வைத்து சக்தி கொடுத்தால் உடம்பு லேசாகும், பணமெல்லாம் வேண்டாம் என்கிறார். அம்மாவுக்கு ஆசை இருப்பது முகத்திலேயே தெரிகிறது. அண்ணன் கேட்டதுமே கோபப்பட்டான், ஏமாற்று வேலை என்கிறான். நான் நடுவில் நிற்கிறேன்.

இதில் என்னதான் செய்வார்கள்? கீமோ போய்க்கொண்டிருக்கும்போது செய்தால் ஏதாவது கெடுதல் உண்டா? வெளிப்படையாகவே கேட்கிறேன், இது வேலை செய்யுமா? நம்புகிறவர்களும் எழுதுங்கள், நம்பாதவர்களும் எழுதுங்கள். ஒருவரையொருவர் திட்டாமல் இருந்தால் போதும். சண்டையைப் படிக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

---

வெண்பனி | புதன், காலை 6:20

அம்மா சீக்கிரம் தேறட்டும் தறியிழை. பதினொரு வருடமாக ரெய்கி செய்கிறேன், இரண்டாம் நிலை வரை கற்றிருக்கிறேன். முதலில் செய்முறையை மட்டும் சொல்கிறேன். பலர் இதை மசாஜ் என்றோ மந்திரம் என்றோ நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

படுத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். உடையைக் கழற்ற வேண்டியதே இல்லை. செய்பவர் விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை லேசாகக் குவித்து, கண்களின் மேல், நெற்றிப்பொட்டில், பின்மண்டைக்கு அடியில், நெஞ்சுக்குழியில், வயிற்றில், முழங்காலில், பாதத்தில் என்று வரிசையாக வைப்பார். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முதல் ஐந்து நிமிடம். அழுத்துவதில்லை, தேய்ப்பதில்லை, நீவுவதில்லை. தொடுவது பிடிக்காதவர்களுக்குக் கையை இரண்டு விரற்கடை மேலே நிறுத்திக்கொள்வோம். முழுதாகச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும். உடம்பு தளர்ந்தவர்களுக்கு நான் இருபது நிமிடத்தோடு நிறுத்திவிடுவேன். சிலருக்குச் சூடு தெரியும், சிலருக்கு எறும்பு ஊர்வது போல இருக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. தூங்கிப்போகிறவர்கள் நிறைய.

உயிர்ச்சக்தி எங்கும் நிறைந்திருக்கிறது, செய்பவர் வெறும் குழாய், அது தேவையான இடத்துக்குத் தானே போகும் என்பது எங்கள் நம்பிக்கை. நான் அதை முழு மனதோடு நம்புகிறேன். உங்கள் அண்ணன் எதிரில் உட்கார்ந்து நிரூபி என்றால் என்னால் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோழியைப் பற்றி ஒன்று. கை வைத்த இடத்தில் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்கினால், "கல்லீரல்ல அடைப்பு இருக்கு", "கட்டி கரையுது" என்றால், அத்தோடு நிறுத்திவிடுங்கள். மருந்தைக் குறை என்று சொன்னால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். நோயைக் கண்டறிவது எங்கள் வேலை அல்ல. என் ஆசிரியர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

---

இரவுப்பணி | புதன், காலை 8:55

புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

மெதுவாகக் கை வைப்பதால் கீமோ மருந்தின் வேலை கெடாது. இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மறைத்துச் செய்வதில்தான் தொந்தரவு தொடங்குகிறது.

பொதுவாகக் கீமோ ஏறி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் தோழிக்குச் சளி, இருமல், காய்ச்சல் எதுவும் இருக்கக் கூடாது. வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மருந்து ஏற்றத் தோலுக்கடியில் போர்ட் வைத்திருந்தால் அதன் மேல் கை வேண்டாம். தழும்பு இருக்கும் மார்பு, அக்குள் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கத்துக் கை, இரண்டிலும் பாரம் படக் கூடாது. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்திருக்கும்போது யாரும் எங்கேயும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. ரெய்கியில் அழுத்த மாட்டார்கள் என்று வெண்பனி சொல்லிவிட்டார், ஆனாலும் சிலர் இடையில் கழுத்தைப் பிடித்துவிடுகிறேன் என்று ஆரம்பிப்பார்கள். ஊதுபத்தி, வாசனை எண்ணெய் வேண்டாம், கீமோவில் இருப்பவருக்கு வாசனையே குமட்டலைக் கிளப்பும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. நடுராத்திரியானாலும் சரி. "சக்தி உள்ளே போவதால் வரும் சூடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குமட்டலுக்குத் தரும் மாத்திரைகளில் டெக்ஸாமெதாசோன் இருக்கிறதா என்று பட்டையைப் பாருங்கள். எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள்? அது ஸ்டீராய்டு. மாலையில் போட்டால் ராத்திரி முழுக்க மூளை விழித்திருக்கும்.

---

மணல்மேடு | புதன், காலை 10:31

என் பெரியப்பாவுக்கு எட்டு வருட முதுகுவலி, நாலு செஷனில் போய்விட்டது. பயப்படாமல் செய்யுங்கள் சகோதரி. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான முறை, வீணாகப் போகாது.

---

அளவுகோல் | புதன், மதியம் 1:47

தறியிழை கேட்டது "வேலை செய்யுமா" என்று. அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டால்தான் பதில் சொல்ல முடியும். படுத்திருப்பவர் எப்படி உணர்கிறார் என்பது ஒன்று. நோய் என்ன செய்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் இத்தனை வருடமாக இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது 2011-ல் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனை. ரெய்கி பற்றியது அல்ல. ஆனாலும் இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமான ஆய்வு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் வெவ்வேறு நாட்களில் உண்மையான இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றுமே தராமல் உட்கார வைப்பது என்று நான்கையும் மாற்றி மாற்றிச் செய்தார்கள். எவ்வளவு தேவலை என்று கேட்டபோது உண்மை மருந்துக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள். மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46. சும்மா இருந்ததற்கு 21 மட்டும். ஆக, போலியும் அசலும் மனதுக்கு ஏறக்குறைய ஒன்றே. பிறகு கருவியில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். உண்மை மருந்தில் மூச்சின் வேகம் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும் ஏழு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அந்த நோயாளிகள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தேவலையாக இருந்தது. நுரையீரலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

இப்போது ரெய்கிக்கு வருவோம். உங்கள் அம்மாவின் நிலைமைக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. 2011-ல் வெளியானது. கீமோ ஏற்றிக்கொள்ளும் 189 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு பிரிவுக்குத் தேர்ந்தவர் செய்த ரெய்கி. ஒரு பிரிவுக்கு ரெய்கி தெரியாத ஒருவர் அதே இடங்களில் கை வைத்துப் பாவனை செய்தார். உண்மை ரெய்கி பெற்றவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இதமாக உணர்ந்தார்கள். போலி ரெய்கி பெற்றவர்களும் அதே அளவு இதமாக உணர்ந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கிடைக்கவில்லை.

என் வாசிப்பு இதுதான். அந்த இதம் நிஜம். அதைத் தந்தது ரெய்கி கற்பவருக்கு ஆசிரியர் தரும் தீட்சையும் சின்னங்களும் அல்ல. ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் கை வைத்தார், அது தந்தது.

எல்லா ஆய்விலும் இந்த இதமாவது கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடம்பு முழுக்கப் பரவும் நாள்பட்ட வலி உள்ள 100 பேருக்கு வாரம் இருமுறை, எட்டு வாரம் ரெய்கி செய்து 2008-ல் வெளியிட்டார்கள். உண்மையான ரெய்கி மாஸ்டருக்கும் (பிறருக்குக் கற்பிக்கும் நிலையை எட்டியவர்) மாஸ்டர் போல நடித்தவருக்கும் வித்தியாசமில்லை, தொட்டாலும் தொலைவில் நின்றாலும் வித்தியாசமில்லை, வலியும் குறையவில்லை. மனச்சோர்வு, பதற்றம் இரண்டையும் பற்றி 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு தேடியபோது தேறிய ஆய்வுகள் மூன்றே, அவற்றில் இருந்தவர்களும் குறைவு. முடிவு சொல்லப் போதாது என்று எழுதிவிட்டார்கள்.

மணல்மேடு, உங்கள் பெரியப்பாவுக்கு வலி போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முதுகுவலி கூடும், குறையும், தானாகவும் போகும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய வைத்தியத்தைத் தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான்.

---

வெண்பனி | புதன், மாலை 5:12

அளவுகோல், மரியாதையோடு எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன கீமோ ஆய்வு எனக்கும் தெரியும். முதன்முதலில் படித்த அன்று அழுதேன். பத்து வருடப் பயிற்சியும் பாவனையும் ஒன்றா என்று.

ஆனால் போலி என்று எதைச் சொல்கிறோம்? அந்தப் பாவனை செய்தவரும் ஒரு மனிதர்தானே. உடம்பு சரியில்லாத ஒருவர் மேல் நல்ல எண்ணமில்லாமல் கை வைக்க முடியுமா? தீட்சை பெற்றவருக்கு மட்டும்தான் சக்தி பாயும் என்ற எங்கள் கருத்துதான் தவறாக இருக்கலாமே தவிர, சக்தியே இல்லை என்று எப்படி ஆகும்?

---

அளவுகோல் | புதன், மாலை 6:40

நியாயமான கேள்வி. அப்படி எடுத்துக்கொண்டால், சக்தி என்பதும் பரிவோடு தொடுவது என்பதும் ஒன்றாகிவிடும். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கையிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்து அடுத்தவர் உடம்புக்குள் போகிறது என்றால் அதை அளக்க முடிய வேண்டும், இல்லையென்றால் உணரவாவது முடிய வேண்டும்.

உணர முடிகிறதா என்று பார்த்தவர் ஒன்பது வயதுச் சிறுமி. அமெரிக்காவின் எமிலி ரோசா. பள்ளிப் பாடத்துக்காகச் செய்தாள். தெரப்யூடிக் டச் என்று ஒரு முறை, 1972-ல் டோலோரஸ் க்ரீகர், டோரா குன்ஸ் இருவரும் தொடங்கியது. கையை உடம்புக்குச் சற்று மேலே நகர்த்தி அதன் சக்திப் புலத்தை உணர்ந்து சரிசெய்வது. அதில் பழகிய 21 பேரை ஒரு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்து, ஓட்டை வழியாக இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டி, விழுந்ததைப் பொறுத்து இடக்கைக்கு மேலோ வலக்கைக்கு மேலோ தன் கையைப் பிடித்தாள். எந்தப் பக்கம்? 280 முறை கேட்டதில் 123 முறை சரி. அதாவது 44 சதவீதம். கண்ணை மூடி ஊகித்தாலே பாதி சரியாக வர வேண்டும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானபோது அவளுக்குப் பதினொரு வயது.

அளவிடும் வேலையும் நடந்தது, அதைச் செய்தவர்களும் ரெய்கிக்கு எதிரிகள் அல்ல. ஆய்வாளர்களிடையே ரெய்கி செய்பவர்களும் இருந்தார்கள். ஸ்குவிட் என்ற கருவி மிக நுண்ணிய காந்தப்புலத்தைக்கூடக் கண்டுபிடிக்கும். அதை வைத்து மாஸ்டர்களின் கைகளை அளந்தார்கள். ரெய்கி கொடுக்கும்போது கையிலிருந்து வலுவான மின்காந்தப்புலம் ஏதும் எழுவதாகத் தெரியவில்லை என்று 2013-ல் எழுதினார்கள். தங்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவை மறைக்காமல் வெளியிட்ட அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

---

வெண்பனி | புதன், இரவு 7:15

எமிலி சோதித்தது தொடாத முறையை. நாங்கள் தொடுகிறோம். புலத்தை உணர்ந்து நோய் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. அந்த முடிவை எங்கள் தலையில் வைப்பது முழுக்கச் சரியில்லை. ஸ்குவிட் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

---

வேர்தேடி | புதன், இரவு 9:03

மணல்மேடு எழுதியது: "ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான முறை"

இதை மட்டும் திருத்த அனுமதியுங்கள். வலிக்கும் இடத்தில் கை போவது மனிதர் தோன்றிய நாளிலிருந்து இருக்கும். ஆனால் ரெய்கி என்று நாம் அறிகிற முறைக்கு வயது நூறு சொச்சம்தான்.

ரெய்கியைத் தொடங்கிய உசுய் மிக்காவோ 1865-ல் ஜப்பானின் கிஃபு பகுதியில் பிறந்தவர். கியோட்டோவுக்கு அருகே குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தபோது இந்தச் சக்தியை உணர்ந்ததாக அவருடைய நினைவுக்கல் சொல்கிறது. 1922-ல் டோக்கியோவில் சங்கம் தொடங்கினார். அன்றைய ஜப்பானில் கையாலும் மனத்தாலும் குணமாக்கும் முறைகள் பல தோன்றி ஓடிக்கொண்டிருந்த காலம், அவருடையது அவற்றில் ஒன்று. 1923 செப்டம்பர் 1-ல் கான்தோ பெருநிலநடுக்கம் டோக்கியோவை அழித்தது. காயம்பட்டவர்களிடையே அவர் சுற்றிச் சுற்றிச் சிகிச்சை செய்தார் என்று அதே கல்லில் இருக்கிறது. 1926 மார்ச்சில் பக்கவாதத்தில் இறந்தார். கல் 1927-ல் சீடர்கள் நாட்டியது, டோக்கியோவில் சாய்ஹோஜி கோயிலில் இன்றும் நிற்கிறது.

அவருக்குப் பின் ஹயாஷி சுஜிரோ, கடற்படையில் இருந்தவர். கை வைக்கும் இடங்களை ஒழுங்குபடுத்தி டோக்கியோவில் மருத்துவமனை போல நடத்தினார். அங்கே 1935-ல் நோயாளியாக வந்து சேர்ந்தவர் ஹவாயோ தகாதா. ஹவாய்த் தீவில் பிறந்த ஜப்பானியப் பெண், கணவரை இழந்தவர். குணமாகி, அங்கேயே கற்று, 1938-ல் மாஸ்டரானார். உலகத்தில் இன்று நடக்கும் ரெய்கியில் பெரும்பகுதி அந்த ஒரு பெண்மணி வழியாக வந்தது. 1980-ல் இறப்பதற்குள் 22 பேரை மாஸ்டராக்கினார். அதற்கு அவர் வைத்த கட்டணம் 10,000 டாலர்.

உசுய் ஒரு கிறித்தவப் பேராசிரியர், கியோட்டோவின் தோஷிஷாவில் கற்பித்தார், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தார் என்ற கதையும் தகாதா வழியாகப் பரவியதுதான். இரண்டு இடங்களின் பதிவுகளிலும் உசுய் பெயர் கிடைக்கவில்லை. ஜப்பானுடன் போர் நடந்து முடிந்த காலத்தில், அமெரிக்கர்களிடம் ஒரு ஜப்பானிய முறையைக் கொண்டுசேர்க்க அந்தப் பெண்மணிக்கு அப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கலாம். இது என் ஊகம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது உசுய் தந்த ஐந்து உறுதிமொழிகள். "இன்று மட்டும்" என்று தொடங்கும். இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையை ஊக்கமாகச் செய், பிறரிடம் அன்பாக இரு. வாழ்நாள் முழுக்க என்று கேட்காமல் இன்று மட்டும் என்று கேட்டிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் அவர் ஒரு வைத்தியராகத் தெரிகிறார்.

கை வைத்துக் குணமாக்குவதற்கு வேறு ஊர்களிலும் நீண்ட கதை உண்டு. கழுத்தில் நெறி வீங்கும் கண்டமாலை நோய்க்கு இங்கிலாந்து, பிரான்ஸ் அரசர்கள் தொட்டுக் குணமாக்குவார்கள் என்று பல நூற்றாண்டு நம்பினார்கள். இரண்டாம் சார்லஸ் மட்டும் ஏறக்குறைய 90,000 பேரைத் தொட்டதாகக் கணக்கு. 1712-ல் அரசி ஆன் தொட்ட குழந்தைகளில் ஒருவர் பின்னாளில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். அவருக்கு நோய் போகவில்லை, தழும்பு கடைசிவரை இருந்தது. அரசி தந்த பொற்காசை மட்டும் சாகும்வரை கழுத்திலிருந்து கழற்றவில்லை.

---

மட்டுறுத்துநர் | புதன், இரவு 11:30

ஒரு பதிவு நீக்கப்பட்டது. புகைப்படம் அனுப்பினால் தொலைவிலிருந்தே புற்றைக் கரைப்பதாக விளம்பரம். தறியிழை, உங்களுக்குத் தனிமடலில் அப்படி ஏதாவது வந்தால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

---

தனிப்படகு | வியாழன், இரவு 12:26

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

என் தங்கைக்கும் மார்பகப் புற்றுதான். சிறிய கட்டி, நெறியில் பரவவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தார்கள். பயம். யாரோ ஒரு ஹீலரைக் காட்டினார்கள். அவர் அன்பானவர், அதை நான் மறுக்கவே முடியாது. ஒரு டாக்டரும் தங்கையிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. அவர் பேசினார். முதல் மாதம் "அறுவை சிகிச்சையைக் கொஞ்சம் தள்ளிப்போடு, உடம்பு தயாராகட்டும்" என்றார். கட்டி பெரிதாவது கைக்கே தெரிந்தது. அதற்கு அவர் சொன்னது, "நச்சு மேலே வருது, வெளியேறுறதுக்கு முன்னாடி அப்படித்தான் வீங்கும்." வலி கூடியபோதும் குணமாவதன் அடையாளம் என்றார். மோசமாவதையே குணமாவது என்று சொல்லிவிட்டால், பிறகு எதை வைத்து நாம் விழித்துக்கொள்வது? ஏழு மாதம் போனது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது எலும்பில் இருந்தது.

அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. கடைசி வாரம்கூட அவரை வரச் சொல்லித்தான் கேட்டாள். வந்தார், பாதத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவள் தூங்கினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

தறியிழை, அம்மா கீமோவை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது எதுவானாலும் செய்யுங்கள்.

---

வெண்பனி | வியாழன், காலை 5:50

தனிப்படகு, நான் என்ன சொல்வது. உங்கள் கைகளைப் பிடித்துக்கொள்கிறேன்.

எங்கள் ஆட்களிடையே அந்தப் பேச்சு உண்டு. "ஹீலிங் கிரைசிஸ்" என்பார்கள். நானும் ஒரு காலத்தில், தலைவலி வந்தது என்று சொன்ன ஒருவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது வெறும் தலைவலியாக இருந்தது என் அதிர்ஷ்டம். இனி யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். கற்க வருகிறவர்களிடம் உங்கள் தங்கையின் கதையைச் சொல்லலாமா?

---

தனிப்படகு | வியாழன், காலை 9:14

சொல்லுங்கள் அக்கா.

---

அளவுகோல் | வியாழன், காலை 11:20

தனிப்படகு எழுதியதற்குப் பிறகு எண்களை வைப்பது தயக்கமாக இருக்கிறது. ஆனால் தறியிழை முடிவெடுக்கப் போகிறார் என்பதால் வைக்கிறேன்.

2018-ல் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. முதலாவதில், பரவாத நிலையில் இருந்து, வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறைகளை மட்டும் தேர்ந்த 281 பேரைப் பார்த்தார்கள். இறக்கும் அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். வழக்கமான சிகிச்சையோடு கூடவே துணைமுறைகளும் செய்துகொண்ட 258 பேர். அவர்களுக்கும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. ஏன் என்று தோண்டினார்கள். இவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள், மற்றவர்களில் 3 சதவீதம். கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 சதவீதம், மற்றவர்களில் 2. இந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு அபாய வித்தியாசம் நிலைக்கவில்லை. துணைமுறை அவர்களைக் கொல்லவில்லை. துணைமுறையோடு சேர்ந்து வந்த "இது போதும்" என்ற எண்ணம்தான் கொன்றது. அண்ணனிடம் இதைக் காட்டுங்கள், அவர் கோபத்தில் பாதி நியாயம்.

---

மணல்மேடு | வியாழன், மதியம் 12:02

நான் "பயப்படாமல் செய்யுங்கள்" என்று எழுதியதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

---

தறியிழை | அடுத்த வாரம், சனி, இரவு 10:15

எல்லோருக்கும் பதில் தனித்தனியாக எழுத முடியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். தாராளமாகச் செய்யட்டும், சிகிச்சை நாள் தவறக் கூடாது, சளி பிடித்தவர் வரக் கூடாது என்றார். இரவுப்பணி சொன்னபடி மாத்திரைப் பட்டையைப் பார்த்தேன். டெக்ஸாமெதாசோன் இருந்தது, இரண்டாவது வேளையை நான் இரவு ஏழு மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் முடித்துவிடச் சொன்னார்கள். இத்தனை நாள் நான்தான் அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன்.

தோழி மூன்று முறை வந்தார். நோய் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் பத்து நிமிடத்திலேயே அம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. எதற்கு என்று கேட்டேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஊசி போட, டிரெஸ்ஸிங் மாத்த, ரத்தம் எடுக்கத்தான் எல்லாரும் தொடுறாங்க. சும்மா யாரும் தொடலை" என்றார்.

அது என்னைத்தான் சொன்னது. கீமோ ஆரம்பித்ததிலிருந்து நான் அம்மாவைத் தொடுவதில்லை. மருந்து வியர்வையில் வரும், நமக்கு ஆகாது, நம் கிருமி அவருக்கு ஆகாது என்று என்னென்னவோ கேள்விப்பட்டு, தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறேன்.

இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறார். ரெய்கியாலா, மாத்திரை நேரத்தாலா என்று தெரியவில்லை.

தோழி நாளை வெளியூர் போகிறார், திரும்ப ஒரு மாதம் ஆகும். நான்காவது சுற்று திங்கள்கிழமை. வெண்பனி அக்கா, தீட்சை எதுவும் பெறாத நான் கை வைக்கலாமா? இரவுப்பணி, மருந்து ஏறிய அன்றே தொடலாமா?

---

அளவுகோல் | சனி, இரவு 10:52

இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றியதால் எது என்று பிரிக்க முடியாது. என்னைக் கேட்டால் பெரும்பங்கு மாத்திரை நேரத்துக்குத் தருவேன். ஆனால் "சும்மா யாரும் தொடலை" என்று அம்மா சொன்னதை எந்த மாத்திரை நேரமும் சரிசெய்திருக்காது.

---

வெண்பனி | ஞாயிறு, காலை 6:05

எங்கள் முறைப்படி தீட்சை இல்லாமல் செய்தால் அதற்கு ரெய்கி என்று பெயரில்லை. பெயர் எதற்கு தறியிழை, வையுங்கள். இரண்டு பாதத்தையும் உள்ளங்கையால் அணைத்துப் பிடியுங்கள், பிறகு அசைக்காமல் வைத்திருங்கள். உங்கள் மூச்சு சீராகும்வரை காத்திருங்கள். உங்களுக்கு அவசரமிருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். எடுக்கும்போது சட்டென்று எடுக்காதீர்கள்.

---

இரவுப்பணி | ஞாயிறு, காலை 9:40

தொடலாம். அன்றைக்கே தொடலாம். கட்டிப்பிடிக்கலாம், கை பிடிக்கலாம், ஒன்றும் ஆகாது. மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும், ஆகவே ஏறியதிலிருந்து 48 மணி நேரத்துக்கு அவற்றைத் துடைக்கும்போதும், நனைந்த துணியை எடுக்கும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அந்த வேலையை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். தோலைத் தொடக் கையுறை வேண்டாம்.

அடுத்த சுற்றுகளில் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும், எரியும். சில மருந்துகளில் உள்ளங்கால் சிவந்து தோல் உரியும். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பாதத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, கையை முழங்காலில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை நடந்தது எந்தப் பக்கம்?

---

தறியிழை | ஞாயிறு, காலை 9:58

இடது.

---

இரவுப்பணி | ஞாயிறு, காலை 10:01

அப்படியானால் வலது பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கை கழுவிய ஈரம் காயட்டும், சில்லென்று இருந்தால் திடுக்கிடுவார்.